வீட்டு மளிகை இருப்பும் உணவுத் திட்டமிடலும்

வீட்டு மளிகை இருப்பு என்பது ஒரு குடும்பம் அன்றாடச் சமையலுக்காக வாங்கி வைத்திருக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், மசாலாப் பொருள்கள் முதலிய, நாள்பட வைத்துப் பயன்படுத்தக்கூடிய உணவுப்பொருள்களின் தொகுப்பாகும். இவற்றை வைக்கும் இடம் சரக்கறை, சாமான் அறை, மளிகை அலமாரி எனப் பலவாறு வழங்கப்படுகிறது. இருப்பை ஒழுங்குபடுத்துவதன் முதன்மை நோக்கம் அழகு அன்று. என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எத்தனை நாளைக்கு வரும் என்ற மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து தேடாமல் விடை கிடைக்கச் செய்வதே அதன் நோக்கமாகும். அந்த விடை கையில் இருந்தால்தான் ஒரு வாரத்துக்கான சமையலை முன்கூட்டியே முடிவு செய்ய முடியும்.

எல்லா வீடுகளுக்கும் பொருந்தும் ஒரே ஒழுங்கு கிடையாது. சம்பளம் வரும் நாள், நியாயவிலைக் கடையில் பொருள் கிடைக்கும் நாள், வேலை நேரம், வீட்டின் அளவு, வட்டாரத்தின் தட்பவெப்பம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். இக்கட்டுரை திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறது.

மரபுச் சேமிப்பு முறைகள்

தமிழ்நாட்டின் வேளாண் குடும்பங்களில் ஓராண்டுக்கான தானியம் வீட்டிலேயே சேமிக்கப்பட்டது. நெல்லுக்கு மண்ணால் ஆன குதிரும் குலுக்கையும், மரத்தாலான பத்தாயமும் பயன்பட்டன. பருப்பு, பயறு வகைகள் அடுக்குப்பானைகளிலும், ஊறுகாயும் புளியும் பீங்கான் ஜாடிகளிலும் வைக்கப்பட்டன. எறும்புக்கும் பூனைக்கும் எட்டாதபடி பால், தயிர், நெய்ப் பாத்திரங்கள் உறியில் தொங்கவிடப்பட்டன. கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் போன்றவற்றுக்கு அஞ்சறைப்பெட்டி இருந்தது.

இவற்றில் அஞ்சறைப்பெட்டி இன்றும் பெரும்பாலான வீடுகளில் உள்ளது. அதன் சிறப்பு அதன் அமைப்பில் இருக்கிறது. தினமும் தேவைப்படும் பொருள்கள் சிறிய அளவில், ஒரே தட்டில், ஒரே பார்வையில் தெரியும்படி இருக்கும். மீதிச் சரக்கு வேறிடத்தில் இருக்கும். ஓர் அறை காலியானால் உடனே கண்ணில் படும். அன்றாடப் பயன்பாட்டுக்கு உரியதையும் சேமிப்பில் இருப்பதையும் பிரித்து வைப்பது என்ற இக்கொள்கையே நல்ல மளிகை ஒழுங்கின் அடிப்படையாகும்.

அளவு முறையிலும் மரபின் பயன் தொடர்கிறது. 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி என்பது பழைய முகத்தலளவைக் கணக்கு; அதாவது ஒரு படிக்கு 8 ஆழாக்கு. அரிசி டப்பாவுக்குள் ஓர் ஆழாக்கு போட்டு வைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில், ஒரு நாளைக்கு எத்தனை ஆழாக்கு செலவாகிறது என்பது தெரிந்தே இருக்கும். திட்டமிடலுக்கு அதுவே முதல் எண்ணாகும்.

வட்டாரப் பின்னணி

கும்மிடிப்பூண்டி சென்னைக்கு வடக்கே, சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்கு அருகில் உள்ள ஊராகும். 1971-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநிலத் தொழில் முன்னேற்றக் கழகம் (சிப்காட்) இங்கு ஒரு தொழிற்பூங்காவை அமைத்துள்ளது. கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே தேர்வாய்கண்டிகையில் மற்றொரு சிப்காட் தொழிற்பூங்காவும் உள்ளது. சென்னை சென்ட்ரலிலிருந்து வரும் புறநகர் மின்தொடர் வண்டிகள் இவ்வட்டாரத்தை நகரத்தோடு இணைக்கின்றன. உள்ளூர்த் தமிழ், தெலுங்குக் குடும்பங்களோடு, ஒடிசா, பீகார் போன்ற வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் இங்கு வாழ்கின்றனர்.

உணவுப்பொருள்களைப் பொறுத்தவரை இது வளமான சுற்றுப்புறம். செங்குன்றம் நெல், அரிசி வணிகத்துக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. பழவேற்காட்டிலிருந்து மீனும் கருவாடும் வருகின்றன. மாவட்டத்தில் நெல்லோடு நிலக்கடலையும் காய்கறிகளும் பயிராகின்றன. ஆகவே இங்குள்ள தொழிலாளர் குடும்பத்தின் சிக்கல் பொருள் கிடைக்காமை அன்று. பணமும் பொருளும் நேரமும் வெவ்வேறு நாள்களில் வந்து சேர்வதே ஆகும்.

இரண்டு மாதக் கணக்கு

மாதச் சம்பளம் பெறும் தொழிலாளர் வீட்டில் இரண்டு மாதங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்று ரேஷன் மாதம். மற்றொன்று சம்பள மாதம்.

ரேஷன் மாதம் 1-ஆம் தேதி தொடங்குகிறது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோவும், மற்ற அரிசி அட்டைகளுக்குக் குடும்பத்தினரின் எண்ணிக்கையைப் பொறுத்தும் அளவு அமைகிறது. 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் கீழ் துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றும் ஒரே நாளில் கிடைக்காமல் இரண்டு மூன்று முறை கடைக்குச் செல்ல நேர்வதும் உண்டு.

சம்பள மாதம் பின்னால் தொடங்குகிறது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், 1,000-க்குக் குறைவான தொழிலாளர்கள் உள்ள இடங்களில் அடுத்த மாதம் 7-ஆம் நாளுக்குள்ளும், மற்ற இடங்களில் 10-ஆம் நாளுக்குள்ளும் சம்பளம் தர வேண்டும் என விதித்தது. அதையொட்டி மளிகைச் சாமான் பட்டியல் எழுதுவதும் மொத்தமாக வாங்குவதும் அந்தத் தேதிகளுக்குப் பிறகே நடைபெறும் வழக்கம் அமைந்தது.

இதனால் 25-ஆம் தேதி முதல் அடுத்த மாதம் 7 அல்லது 10 வரையிலான இரண்டு வாரங்கள் நெருக்கடியானவை. இந்நாள்களில் எண்ணெய், பருப்பு, புளி, மிளகாய்த்தூள் தீர்ந்தால், தெருமுனைக் கடையில் நோட்டில் எழுதிக் கடனுக்கு வாங்குவதோ, சிறு பொட்டலங்களாக வாங்குவதோ நேர்கிறது. சிறு பொட்டலத்தில் கிராமுக்கான விலை பெரும்பாலும் கூடுதல். கடன் அடுத்த சம்பளத்தில் கழிவதால் அடுத்த மாதப் பட்டியலும் சுருங்கும். இருப்பு ஒழுங்கின் உண்மையான பயன் இந்த இரண்டு வாரங்களில்தான் தெரியும்.

ஆகவே மாத இருப்பை 30 நாளுக்கு மட்டும் கணக்கிடாமல், 40 நாளுக்கு நீட்டும்படி படிப்படியாக உயர்த்துவது நல்லது. ஒரே மாதத்தில் இதைச் செய்ய இயலாது. ஒரு மாதம் கால் கிலோ பருப்பு, அடுத்த மாதம் அரை லிட்டர் எண்ணெய் என ஒவ்வொரு பொருளாகக் கூட்டினால் சில மாதங்களில் பத்து நாள் இருப்பு தனியே நிற்கும்.

பொருள்களை நாள் கணக்கில் பார்த்தல்

மளிகைப் பட்டியல் வழக்கமாகக் கிலோவில் எழுதப்படுகிறது. சமையலோ நாள் கணக்கில் நடைபெறுகிறது. இரண்டையும் இணைக்க ஒரு முறை மட்டும் அளந்து பார்த்தால் போதும்.

எடுத்துக்காட்டாக, ஒரு நாளைக்கு 600 கிராம் அரிசி சோற்றுக்கு வைக்கும் வீட்டுக்கு 30 நாளில் 18 கிலோ தேவை. வாரம் இரு முறை இட்லி மாவு அரைக்க, ஒவ்வொரு முறையும் 750 கிராம் அரிசி ஊறவைத்தால், மாதம் எட்டு முறைக்கு மேலும் 6 கிலோ ஆகும். மொத்தம் 24 கிலோ. ஒரு முறை சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு என்றால், மாதம் 20 நாள் சாம்பார் வைக்க 2 கிலோ வேண்டும். ரேஷனில் 1 கிலோ கிடைத்தால் கடையில் 1 கிலோ வாங்க வேண்டும். அல்லது சாம்பாரைப் பத்து நாளாகக் குறைத்து, மற்ற நாள்களில் பாசிப்பருப்புக் கூட்டு, காரக்குழம்பு, கருவாட்டுக் குழம்பு, ரசம் எனப் பிரித்துக்கொள்ள வேண்டும். உணவுத் திட்டமிடல் என்பது இந்த இரண்டாவது முடிவை மாதத் தொடக்கத்திலேயே எடுப்பதாகும். பருப்பு தீர்ந்த நாளில் எடுத்தால் அது திட்டம் அன்று, தட்டுப்பாடு.

ரேஷன் புழுங்கல் அரிசியை இட்லி, தோசை மாவுக்கும், கடை அரிசியைச் சோற்றுக்கும் ஒதுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அவ்வாறு செய்வோர் இரண்டையும் வெவ்வேறு கலன்களில் வைத்துப் பெயர் எழுதிவைத்தால், யார் சமைத்தாலும் குழப்பம் நேராது.

ஆலையிலிருந்து அடுக்களைக்கு

தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் பலரும் அறிந்த இரண்டு முறைகள் மளிகை அலமாரிக்கும் பொருந்துகின்றன.

முதலாவது, ஜப்பானிலிருந்து பரவிய ஐந்து எஸ் முறை. வேண்டாததை நீக்குதல், ஒவ்வொன்றுக்கும் இடம் வகுத்தல், தூய்மை செய்தல், முறையை நிலைப்படுத்தல், அதைப் பழக்கமாக்கல் என்பன அதன் ஐந்து படிகள். சமையலறையில் முதல் படியே பெரிய மாற்றத்தைத் தரும். பயன்படாத பிளாஸ்டிக் டப்பாக்களும், நாள் கடந்த மசாலாப் பொட்டலங்களும், ஒரு முறை வாங்கிப் பயன்படுத்தாத மாவு வகைகளும் அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பொதுவானது.

இரண்டாவது, இரு கலன் முறை. உதிரிப்பாகங்களை இரண்டு பெட்டிகளில் வைத்து, முதல் பெட்டி காலியானதும் இரண்டாவதைத் திறந்துகொண்டே அடுத்த சரக்குக்குச் சொல்லி அனுப்புவது இதன் வழிமுறை. டொயோட்டா நிறுவனத்தின் கான்பான் முறையும் இதே எண்ணத்தைச் சார்ந்தது. அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கே அடுக்குகள் மீண்டும் நிரப்பப்படுவதிலிருந்து அம்முறைக்கான தூண்டுதல் கிடைத்ததாக, அதை உருவாக்கிய தைச்சி ஓனோ குறிப்பிட்டுள்ளார். மளிகை அடுக்கிலிருந்து ஆலைக்குச் சென்ற முறையை மீண்டும் மளிகை அடுக்குக்குக் கொண்டுவருவது எளிது.

வீட்டில் இதன் நடைமுறை பின்வருமாறு:

- அடுப்படியில் ஒரு டப்பா, மேலடுக்கில் அதே பொருளின் பிரிக்காத பொட்டலம் ஒன்று இருக்க வேண்டும்.
- பொட்டலத்தைப் பிரிக்கும்போதே, பிரிப்பவர் அலமாரிக் கதவில் ஒட்டிய தாளில் அப்பொருளின் பெயரை எழுத வேண்டும். அடுத்த மாதப் பட்டியல் அப்படியே உருவாகிவிடும்.
- புதிய சரக்கைப் பழையதன் மேல் கொட்டக் கூடாது. டப்பாவைக் காலி செய்து, துடைத்து உலர்த்திய பிறகே நிரப்ப வேண்டும்.
- முதலில் வாங்கியது முன்வரிசையிலும், பிறகு வாங்கியது பின்வரிசையிலும் இருக்க வேண்டும்.

எல்லாப் பொருளுக்கும் இரண்டு கலன் தேவையில்லை. அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், உப்பு, புளி, மிளகாய்த்தூள், உளுந்து ஆகிய ஏழுக்கும் இருந்தாலே பெரும்பாலான சமையல் தடைபடாது.

ஷிப்ட் வேலையும் வாரச் சமையலும்

தொடர்ந்து இயங்கும் ஆலைகளில் பொதுவாக மூன்று ஷிப்டுகள் இருக்கும். ஒருவரது ஷிப்ட் வாரந்தோறும் மாறுவதும் உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் உணவகம் அமைக்க வழிசெய்தது. சிறு ஆலைகளின் தொழிலாளர்கள் பெரும்பாலும் வீட்டுச் சாப்பாட்டையே கொண்டுசெல்கின்றனர். எனவே வீட்டின் உணவுத் திட்டம் கிழமையைவிட ஷிப்டையே சார்ந்திருக்கிறது.

முதல் ஷிப்ட் (காலை 6 முதல் பகல் 2 வரை): வீட்டை விட்டு விடியுமுன் கிளம்ப வேண்டும். புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, பருப்புப்பொடி, ஊறுகாய் போன்றவை முன்பே தயாராக இருந்தால் கால் மணி நேரத்தில் டிபன் பாக்ஸ் நிரம்பும். இந்த வாரத்துக்கு முந்தைய விடுமுறை நாளில் மாவு அரைத்தல், பொடி வறுத்தல், புளிக்காய்ச்சல் கிண்டுதல் ஆகியவற்றை முடித்துவைப்பது ஏற்றது.

இரண்டாம் ஷிப்ட் (பகல் 2 முதல் இரவு 10 வரை): காலையில் நேரம் இருக்கும். குழம்பு, பொரியல் எனப் புதிதாகச் சமைப்பதற்கு இதுவே ஏற்ற வாரம். சீக்கிரம் வாடும் கீரை, காய்கறிகளை இவ்வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரவு ஷிப்ட் (இரவு 10 முதல் காலை 6 வரை): வேலை முடிந்து வருபவருக்குக் காலை உணவே இரவுச் சாப்பாட்டின் இடத்தில் இருக்கும், அதன் பிறகு உறங்க வேண்டும். எண்ணெய் குறைந்த இட்லி, கஞ்சி, ரசம்சோறு போன்றவை பொருந்தும். பகலில் மிக்சி, குக்கர் ஓசையைத் தவிர்க்க மாலையில் அரைத்துவைப்பது வழக்கம்.

மாவைக் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் வைக்கலாம் என்பதால், வாரத்துக்கு இரண்டு முறை அரைக்கும் நாள்களே சமையல் திட்டத்தின் இரண்டு தூண்களாக அமைகின்றன. அவற்றை முதலில் குறித்துவிட்டு மற்ற நாள்களை இடையில் நிரப்பினால் திட்டம் எளிதாகும். ஏழு நாளுக்கும் ஒவ்வொரு வேளைக்கும் எழுத வேண்டிய தேவையில்லை. முக்கியக் குழம்பும் காலை உணவும் மட்டும் எழுதினாலே போதுமானது.

இத்தகைய வீடுகளில் இருப்பு யாருக்குத் தெரியும் என்பதும் முக்கியம். பெரும்பாலும் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்பது வீட்டுப் பெண் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவரும் வேலைக்குச் செல்பவராக இருந்தால், ஷிப்ட் முடிந்து வந்த பிறகே அடுப்பு எரியும். டப்பாவில் பெயரும் கதவில் பட்டியலும் இருந்தால், வீட்டில் இருக்கும் கணவரோ, பிள்ளையோ, மாமியாரோ சமையலைத் தொடங்க முடியும். எழுதிவைப்பதன் பெரிய பயன் இந்த வேலைப்பகிர்வே ஆகும்.

கெடுதலும் பூச்சியும்

கடலோர மாவட்டமான திருவள்ளூரில் காற்றில் ஈரம் அதிகம். ஈரம் ஏறிய தானியத்தில் வண்டும் பூஞ்சையும் விரைவில் பெருகும். அரிசி வண்டு அரிசிமணியைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. வெப்பமான காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதிய வண்டு வெளிவருகிறது. மேலோட்டமாகச் சுத்தமாகத் தெரியும் அரிசியில் சில வாரங்களில் வண்டு தோன்றுவதற்கு இதுவே காரணம். பழைய அரிசியின் மேல் புதியதைக் கொட்டக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

வெயிலில் காயவைத்தல், ரவையை வறுத்துவைத்தல், துவரம்பருப்பில் சிறிது விளக்கெண்ணெய் தடவுதல், வேப்பிலை, காய்ந்த மிளகாய், வசம்பு போடுதல் ஆகியவை மரபு வழிகள். இவற்றுள் நன்கு உலர்த்துதலும் காற்றுப் புகாத கலனில் அடைத்தலும் உறுதியான பயன் தருவன. வண்டுகள் காற்றுள்ள இடத்தை நோக்கி நகரும் இயல்பைக் கொண்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தானியத்துக்குள் செருகிவைக்கும் துளையிட்ட பொறிக்குழாயை உருவாக்கியுள்ளது. அதில் விழும் வண்டுகளைக் கொண்டு தாக்குதலைத் தொடக்கத்திலேயே அறியலாம்.

இரண்டு பழக்கங்களைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். ஒன்று, அரிசியில் போரிக் அமிலத் தூள் கலப்பது. மற்றொன்று, கிடங்குகளில் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வீட்டில் வைப்பது. இம்மாத்திரை ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளியிடும். அதற்குத் தனி மாற்று மருந்து இல்லை. மூடிய அறையில் உறங்குவோர் உயிரிழக்கும் அபாயம் உண்டு.

பூஞ்சை பிடித்த நிலக்கடலையை அப்புறப்படுத்துவதே சரி. அதில் உருவாகும் அப்ளாடாக்சின் என்னும் நச்சு வழக்கமான சமையல் வெப்பத்தில் முழுமையாக அழிவதில்லை. உப்பை உலோகப் பாத்திரத்தில் வைக்காமல் ஜாடியில் வைப்பதும், எண்ணெயையும் மசாலாத் தூள்களையும் அடுப்பின் சூட்டிலிருந்து தள்ளி வைப்பதும், வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் தனித்தனிக் கூடைகளில் காற்றோட்டமாக வைப்பதும், பினாயில், எலி மருந்து போன்றவற்றை உணவு அலமாரிக்கு வெளியே வைப்பதும் எல்லா வீட்டுக்கும் பொதுவான விதிகள்.

மழைக்கால இருப்பு

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இம்மாவட்டத்துக்குப் புயல், வெள்ள அபாயம் உண்டு. 2016 டிசம்பர் 12-இல் சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயலும், 2023 டிசம்பரில் மிக்சாங் புயலையொட்டிய பெருமழையும் சென்னை, திருவள்ளூர் பகுதிகளில் மின்சாரத்தையும் போக்குவரத்தையும் பாதித்தன. மின்சாரம் இல்லையென்றால் கிரைண்டரும் மிக்சியும் ஓடா; குளிர்பதனப் பெட்டியில் உள்ள மாவும் பாலும் கெடும்.

ஆகவே இம்மாதங்களில் அரைக்கத் தேவையில்லாத பொருள்களைத் தனியே ஒதுக்குவது நல்லது. அவல், ரவை, சேமியா, பொரி, பொட்டுக்கடலை, பால் பவுடர், வறுத்த கடலை, ஊறுகாய், குடிநீர், மெழுகுவத்தி, தீப்பெட்டி ஆகியவை மூன்று நாளுக்குப் போதுமான அளவில் இருக்க வேண்டும். தாழ்வான பகுதிகளில் அரிசி மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகையின் மேலோ பரணிலோ வைக்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் இப்பொருள்களைப் பொங்கலுக்குள் சமைத்துத் தீர்த்துவிட்டால் வீணாகாது.

சிறு வீடுகளும் வரம்புகளும்

சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒற்றை அறை, லைன் வீடுகளில் வாடகைக்கு இருப்போர் பலர். அவர்களுக்குத் தனிச் சரக்கறைக்கு இடமில்லை. கட்டிலின் கீழ் மூடியுள்ள அரிசி டின், சுவரில் இரண்டு தட்டு, அடுப்பருகே ஓர் அஞ்சறைப்பெட்டி என மூன்று இடங்களுக்குள் இருப்பு அடங்க வேண்டும். அறையைப் பகிர்ந்து தங்கும் தொழிலாளர்கள் பொதுவில் வாங்கியதையும் தனித்தனியே வாங்கியதையும் பிரித்து வைத்தால் கணக்குச் சண்டை குறையும்.

வேறு ஊரில் பதிவான குடும்ப அட்டை உள்ளவர்கள், தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தின் கீழ் தாம் வசிக்கும் இடத்திலேயே உணவு தானியம் பெறலாம். தினக்கூலி பெறுவோருக்கு மாதக் கணக்கு பொருந்தாது. அவர்கள் ஒரு வாரத்தை அலகாகக் கொண்டு, அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றுக்கு மட்டும் இரு கலன் முறையைப் பின்பற்றலாம்.

குறைவான வருமானத்தை இருப்பு ஒழுங்கு மட்டும் ஈடுசெய்யாது. இருக்கும் பணத்தில் வாங்கிய பொருள் கெடாமலும், இருப்பதே தெரியாமல் மறுபடி வாங்கப்படாமலும், மாதக் கடைசியில் கடையின் கடன் நோட்டில் ஏறாமலும் இருக்க அது உதவுகிறது.